வெப்பம் யார் மீட்டரில் ஓடுகிறது?

ஜனவரி மாத நியூயார்க். நடைபாதை ஓரத்தில் பழைய பனி கறுத்து உறைந்து கிடக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி. குவீன்ஸ் பகுதியின் ஆறு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை நிமிர்ந்து பார்த்தால், மூன்றாம் மாடியில் இரண்டு ஜன்னல்கள் அகலத் திறந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு வியர்க்கிறது. அறை மூலையில் நிற்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரைக் குறைத்துவைக்க அவருக்கு வழியில்லை. வெப்பத்துக்கென்று அவர் தனியாகக் காசு கட்டுவதும் இல்லை. அது வாடகையிலேயே அடங்கிவிட்டது. ஆகவே ஜன்னலைத் திறக்கிறார். அதே கட்டடத்தின் கடைக்கோடி வீட்டில் இன்னொருவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வீடு சூடாகவே இல்லை என்று நகராட்சியின் 311 எண்ணுக்குப் புகார் சொல்லிக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே பாய்லர்.

அந்த பாய்லரை அணைத்துவிட்டு மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்பதுதான் இப்போது அந்த நகரத்தின் பெரிய தலைவலி. நியூயார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் வாடகை வீட்டில் வசிக்கின்றன. அந்த நகரம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்தே வருகிறது. 2019-ல் நகர மன்றம் ‘உள்ளூர்ச் சட்டம் 97’ என்ற ஒன்றை நிறைவேற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கார்பன் உச்சவரம்பு. 2024 முதல் அமல். 2030-ல் வரம்பு இன்னும் இறுகும். மீறினால் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். சட்டம் போடுவது எளிது. நூறு வயதுக் கட்டடத்தின் சுவருக்குள் ஓடும் குழாயோடு மல்லுக்கட்டுவது வேறு வேலை.

முதலில் அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு மரியாதை செய்துவிடுவோம், ஏனென்றால் அது முட்டாள்தனமான ஏற்பாடே அல்ல. நிலவறையில் பாய்லர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. ஆவி தானாகவே மேலே ஏறுகிறது, பம்பு தேவையில்லை. ரேடியேட்டருக்குள் நுழைந்து, குளிர்ந்த இரும்பைத் தொட்டு, மீண்டும் நீராகிறது. அப்போதுதான் அது சுமந்துவந்த வெப்பத்தைக் கொட்டுகிறது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி கையில் அடித்தால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகப் புண்ணாகிறதே, காரணம் இதுதான். ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று படித்தது. ஆவி நீராகும்போது அந்த 2,257-ம் திரும்ப வெளியே வந்துவிடுகிறது. ஒன்றரை கிலோவாட் வெப்பம் தரும் ஒரு ரேடியேட்டருக்குள் மணிக்கு இரண்டரை லிட்டருக்கும் குறைவான தண்ணீரே சொட்டுகிறது. இவ்வளவு கொஞ்சம் நீரைக்கொண்டு இவ்வளவு வெப்பத்தை ஆறாம் மாடிவரை, ஒரு சுழலும் பாகம்கூட இல்லாமல் அனுப்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியியலின் சாமர்த்தியம்.

கோளாறு இருப்பது கட்டுப்பாட்டில். பல பழைய கட்டடங்களில் ரேடியேட்டருக்கு ஒரே குழாய்தான். ஆவி மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதும் அதே குழாயில், அதே அடி வால்வு வழியாக. வால்வைப் பாதி மூடினால் இறங்கும் நீர் ஏறும் ஆவியிடம் மாட்டிக்கொண்டு திணறும். குழாய் சுத்தியலால் அடிப்பதுபோல ‘டங் டங்’ என்று முழங்கும். அதனால் அந்த வால்வை முழுக்கத் திறக்கலாம் அல்லது முழுக்க மூடலாம்; நடுவில் நிறுத்தக் கூடாது. ரேடியேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னக் காற்றுப்போக்கி இருக்கும். ஆவி வருவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்று ‘உஸ்ஸ்’ என்று வெளியேறுவது அதன் வழியாகத்தான். அது பெயின்ட் அடைத்துக்கொண்டால் ஆவி உள்ளே வராது, வீடு சூடாகாது. நூறு ஆண்டுகளில் எத்தனை கை பெயின்ட் பூசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் சட்டம் ஒன்று உண்டு. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி, அதாவது 20 செல்சியஸ் இருந்தாக வேண்டும். இரவில் 62, ஏறக்குறைய 17 செல்சியஸ். குடியிருப்பவரைக் காப்பாற்றும் நல்ல சட்டம். ஆனால் ஒரே பாய்லர், கட்டுப்பாடில்லாத ரேடியேட்டர்கள் என்ற நிலையில் அது என்ன செய்கிறது? பாய்லரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும், மிகக் குளிர்ந்த வீடு 68-ஐத் தொடும்வரை நெருப்பு எரிய வேண்டும். அதற்குள் பாய்லருக்கு அருகில் இருக்கும் வீடுகள் 80-ஐத் தாண்டிவிடும். எனவேதான் மூன்றாம் மாடி ஜன்னல்.

ரேடியேட்டர்களே அளவுக்கு மீறிப் பெரியவை என்பது இன்னொரு கதை. நீராவி வெப்பமூட்டலின் வரலாற்றை வாழ்நாளெல்லாம் எழுதிவந்த டான் ஹோலோஹன் இதற்கு 1918-ன் ஃப்ளூ கொள்ளைநோயைக் காரணம் காட்டுகிறார். அடைத்த அறைக் காற்றுதான் நோயைப் பரப்புகிறது, ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்று சுகாதாரத் துறையினர் வற்புறுத்திய காலம். மிகக் குளிரான நாளில் ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப்போட்டு பாய்லரையும் ரேடியேட்டரையும் அமைத்தார்கள் என்பது அவருடைய வாதம். அப்படியென்றால் திறந்த ஜன்னல் ஒரு தவறு அல்ல, வடிவமைப்பின் ஒரு பகுதி!

இந்தக் கட்டடங்கள் எரிபொருள் மாறுவது இது முதல்முறையும் அல்ல. முதலில் நிலக்கரி. பிறகு எண்ணெய், அதிலும் ‘ஆறாம் எண்’ எண்ணெய் என்று ஒன்று, தார்போல் கெட்டியானது, சூடாக்கினால்தான் குழாயில் நகரும். அதன் கரும்புகை நகரத்தின் நுரையீரலைக் கெடுத்ததால் 2015-க்குள் ஒழித்துக்கட்டினார்கள். பல கட்டடங்கள் எரிவாயுவுக்கு வந்தன. ஆனால் இந்த மாற்றங்கள் எல்லாமே நிலவறையோடு முடிந்தவை. அடியில் எரியும் நெருப்பு மாறியது. மேலே வீட்டுக்குள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, அதே குழாய், அதே ரேடியேட்டர், அதே ‘உஸ்ஸ்’. மின்சாரம் அப்படி இல்லை. அது நிலவறையை விட்டு ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் வந்து உட்காருகிறது. சிக்கலின் மொத்த வேரும் இங்கேதான் இருக்கிறது.

மின்சாரத்தால் சூடாக்க இரண்டு வழி. ஒன்று நேர் வழி: கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடாக்குவது. வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் இந்த வகை. சுவரின் அடியோரமாக நீளமாகப் பதிக்கும் ‘பேஸ்போர்டு’ ஹீட்டரும் இதுதான். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம். நூறு சதவீதத் திறன் என்று விற்பவர் சொல்வார். பொய்யில்லை, ஆனால் அதை நம்பி வாங்கியவர் பிப்ரவரியில் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாவது வழி ஹீட் பம்ப். நம் வீட்டு ஏசி செய்யும் வேலையைத் திருப்பிச் செய்வது. சென்னையில் ஓடும் ஸ்பிளிட் ஏசி அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது; வெளி யூனிட்டின் முன்னால் நின்றால் அனல் அடிக்கும். அந்தச் சுற்றைத் திருப்பிவிட்டால் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை அள்ளி அறைக்குள் கொட்டும். மைனஸ் ஐந்து டிகிரிக் காற்றில் ஏது வெப்பம் என்று தோன்றலாம். தனிச்சுழியிலிருந்து எண்ணினால் அது 268 கெல்வின். இன்னும் நிறைய ஆற்றல் அதில் இருக்கிறது. ஆர்-32 என்ற குளிர்பதனப் பொருள் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் ஐந்து என்பது அடுப்பு. வெளிச்சுருளில் அது கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது. உள்ளே வந்து மீண்டும் திரவமாகி, உள்ளுறை வெப்பத்தைக் கொட்டுகிறது. கவனித்தீர்களா, நீராவி ரேடியேட்டரின் அதே பழைய தந்திரம்தான், வேறொரு திரவத்தில்.

வெளியே மைனஸ் 5, உள்ளே 35 டிகிரிக் காற்று என்றால், வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் உச்சம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 7.7 யூனிட் வெப்பம். நடைமுறை இயந்திரம் இரண்டரை முதல் மூன்று தரும். குளிர் கூடக்கூட இது குறையும். கெல்வின் பிரபு 1852-லேயே இந்தக் கருத்தை எழுதிவிட்டார். கருவி விலை குறைந்து, கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வந்த பிறகுதான் அது பனி ஊர்களில் பரவியது. நியூயார்க் அதற்குக் கஷ்டமான ஊரும் அல்ல. 1934 பிப்ரவரியில் மைனஸ் 26 செல்சியஸ் பதிவானது உண்மைதான். ஆனால் பெரும்பாலான குளிர்காலங்களில் மைனஸ் பத்துக்குக் கீழே போகும் மணிநேரங்கள் சொற்பம்.

இப்போது சுவருக்குள் ஓடும் ஒயருக்கு வருவோம். இங்கே கணக்குச் சுவாரசியமானது. ஓர் அறைக்குக் கடுங்குளிரில் 2.6 கிலோவாட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சாதாரண பிளக்கில் 120 வோல்ட். நேர் ஹீட்டரில் அதே 2.6 கிலோவாட் வேண்டுமென்றால் 22 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் 15 ஆம்பியர் சுற்று உடனே டிரிப் ஆகும். அறைக்கு அறை தனி ஒயர், வீட்டுக்குப் புதிய பேனல், கட்டடத்துக்குத் தடித்த கேபிள், தெருவிலிருந்து புதிய இணைப்பு என்று செலவு மேலே மேலே போகும். இரண்டரை மடங்கு தரும் ஹீட் பம்ப்புக்கோ ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேலே போதும். 9 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். இருக்கும் பிளக்கிலேயே செருகலாம். அதாவது ஹீட் பம்ப்பின் பெரிய லாபம் மின்கட்டணத்தில் மட்டும் இல்லை. இடிக்காமல் தப்பிய சுவரிலும் இருக்கிறது.

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டது நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம். 1.7 லட்சத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகளை நடத்தும், அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அரசு வீட்டுவசதி அமைப்பு அது. சுவரில் துளை போட்டு, மாடிக்கு மாடி குளிர்பதனக் குழாய் இழுத்து, ஆட்கள் குடியிருக்கும்போதே மாதக்கணக்கில் வேலை பார்ப்பது கட்டுப்படியாகாது என்று கண்டு, 2021 டிசம்பரில் உற்பத்தியாளர்களுக்கு ஒரு சவால் விட்டது: ஜன்னலில் வைக்க வேண்டும், சாதாரண பிளக்கில் ஓட வேண்டும், நியூயார்க் குளிரைத் தாங்க வேண்டும். அடுத்த ஆண்டே மிடியா, கிரேடியன்ட் என்ற இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து 7 கோடி டாலரில் 30,000 இயந்திரங்களுக்கு ஒப்புக்கொண்டது. குவீன்ஸின் உட்சைடு ஹவுசஸ் குடியிருப்பில் சில டஜன் இயந்திரங்களை வைத்துச் சோதித்தார்கள். குதிரைச் சேணம் மாதிரி ஜன்னல் விளிம்பின் மேல் அமர்ந்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கும் வடிவம். ஜன்னல் கண்ணாடியையும் மறைக்காது.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு முன்வினைப் பயன் உண்டு. 1901-ல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த குடியிருப்புச் சட்டம், வெளிச்சமும் காற்றும் இல்லாத இருட்டறைகளை ஒழிக்க, ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கம் பார்த்த ஜன்னல் வேண்டும் என்றது. காசநோய்க்குப் பயந்து கட்டாயமாக்கிய அந்த ஜன்னல்தான் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து ஹீட் பம்ப்புக்கு உட்கார இடம் கொடுக்கிறது.

இனி கார்பன். மின்சாரம் என்றாலே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை எதை எரித்து எடுத்தோம் என்று பார்க்க வேண்டும். நகருக்கு வடக்கே இருந்த இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையம் 2021 ஏப்ரலில் மூடப்பட்ட பிறகு, நியூயார்க் நகரத்துக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு எரிவாயுவிலிருந்து எடுத்ததுதான். ஒரு யூனிட் ஆற்றலுக்கு எரிவாயு சுமார் 0.18 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். நீராவி பாய்லரின் திறன் 75 சதவீதம் என்று கொண்டால், அறைக்கு வரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.24 கிலோ. அதே எரிவாயுவை 45 சதவீதத் திறனுள்ள மின்நிலையத்தில் எரித்து, நேர் ஹீட்டரில் செலவழித்தால் 0.40 கிலோ. ஆக, பாய்லரைக் கழற்றி பேஸ்போர்டு மாட்டியவர் இன்றைய நிலையில் பூமிக்கு உபகாரம் எதுவும் செய்துவிடவில்லை. ஹீட் பம்ப்பில் ஓட்டினால் 0.16 கிலோ. கடத்தலில் ஆகும் சிறு இழப்பைத் தள்ளிவிட்டுச் சொல்கிறேன். கனடாவின் கியூபெக்கிலிருந்து 1,250 மெகாவாட் நீர்மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுவர 339 மைல் நீளத்துக்கு நீருக்கடியிலும் நிலத்தடியிலும் கேபிள் பதிக்கும் பணி 2022-ல் தொடங்கியது. அப்படிப்பட்ட மின்சாரம் கூடக்கூட 0.16 இன்னும் கீழே இறங்கும். பாய்லரின் 0.24 அப்படியே நிற்கும்.

பணக் கணக்கு இவ்வளவு அழகாக இல்லை. நியூயார்க் வீடுகளில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, அதே அளவு ஆற்றல் தரும் எரிவாயுவின் விலையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எரிவாயு யூனிட்டுக்கு ஒரு காசு என்று வைத்தால், பாய்லர் வழி வெப்பம் 1.33 காசு. பேஸ்போர்டு 4 காசு. ஹீட் பம்ப் 1.6 காசு. என்ன, ஹீட் பம்ப் தோற்றுவிட்டதா? ஜன்னல் வழியே போவதைச் சேர்த்தால் இல்லை. நீராவியின் வெப்பத்தில் கால்வாசி தேவையில்லாமல் வெளியே போகிறது என்று வைத்துப் பாருங்கள். பயன்பட்ட ஒரு யூனிட்டின் விலை 1.77 காசாகிவிடும். ஹீட் பம்ப்பிடம் அறைக்கொரு தெர்மோஸ்டாட் இருப்பதால் இந்த விரயம் இல்லை. எனவே மிச்சம் பிடிப்பதில் கம்ப்ரசருக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சின்னத் தெர்மோஸ்டாட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு.

பழைய பாய்லர் சத்தமில்லாமல் செய்துவந்த சில்லறை வேலைகளையும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கட்டடங்களின் குளியலறைகளில் பெரும்பாலும் ரேடியேட்டர் இருக்காது. தரையிலிருந்து கூரைக்குச் செங்குத்தாக ஒரு வெறும் குழாய் ஓடும்; மேல்மாடிக்கு ஆவி கொண்டுபோகும் அந்த ‘ரைசர்’தான் குளியலறையைச் சூடாக்குகிறது. துண்டு காயப்போடுவதும் அதன்மேல்தான். நீராவியை நிறுத்திய மறுநாள், வரவேற்பறை கதகதப்பாக இருக்க, குளியலறை பனிக்கட்டியாகும். அங்கே ஜன்னல் சிறியது, ஹீட் பம்ப் உட்காராது. ஒரு சிறு மின் ஹீட்டர் வைத்தே ஆக வேண்டும். அடுத்து வெந்நீர். குழாயில் 120 டிகிரி பாரன்ஹீட், அதாவது 49 செல்சியஸ் வெந்நீர் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் வர வேண்டும் என்பது சட்டம். பல கட்டடங்களில் வெப்பத்துக்கும் வெந்நீருக்கும் ஒரே பாய்லர். வீடுகளை மட்டும் மாற்றிவிட்டு வெந்நீருக்காக அந்த ராட்சதனை ஜூலையிலும் எரித்துக்கொண்டிருந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். நிலவறையின் தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருந்ததும் பாய்லரின் கசிவு வெப்பத்தால். அந்தக் குழாய்களுக்குக் காப்புறை போடாமல் பாய்லரைக் கழற்றுபவர் ஜனவரியில் வெடித்த குழாயோடு நிற்பார்.

பாதிப் பேர் மட்டும் மாறுவதும் ஆபத்து. பத்து வீட்டில் ஐந்து வீடு ரேடியேட்டரை மூடிவிட்டால், அதே அளவு ஆவி மீதி ஐந்து வீட்டுக்குள் பாயும். அங்கே ஏற்கெனவே இருந்த புழுக்கம் இரட்டிக்கும். கட்டடத்தைப் பராமரிக்கும் ‘சூப்பர்’ இரண்டு ஏற்பாட்டையும் சேர்த்துக் கட்டி மேய்க்க வேண்டும். மாறுவதென்றால் ஒரு கோடை காலத்துக்குள் கட்டடம் முழுக்க மாறிவிட வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால், நீராவியையே முதலில் ஒழுங்குபடுத்துவது மேல்: அடைபட்ட காற்றுப்போக்கிகளை மாற்றுவது, அறை வெப்பம் பார்த்துத் தானே மூடிக்கொள்ளும் வால்வு பொருத்துவது, நிலவறைக் குழாய்களுக்குக் காப்புறை, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது. செலவு குறைவு, பலன் உடனடி. பிறகு ஹீட் பம்ப் வைக்கும்போதும் சிறியதாக வைத்தால் போதும்.

பழகுவதும் ஒரு விஷயம். ஈரப்பதமான குளிரில் வெளிச்சுருளில் பனி படியும். அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் சுற்றைத் திருப்பிக்கொள்ளும். அப்போது வெதுவெதுப்பான காற்று நின்றுவிடும். பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் அணைத்து அணைத்துப் போடுவார்கள். ரேடியேட்டர்போல் இது கொதிக்கவும் கொதிக்காது, ஈரத் துணியும் காயாது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: இன்றைய எரிவாயு பாய்லரின் பர்னரும் மின்சாரம் இல்லாமல் எரியாது. மறுபக்கம், கோடையில் இதே இயந்திரம் ஏசி. வெயில் அலையில் முதியவர்கள் சாகும் நகரத்தில், ஏசி வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அது சின்ன வரவு இல்லை.

இவ்வளவும் தீர்வுள்ள சிக்கல்கள். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கூடிப் பேசினால் முடிந்துவிடும். அவர்களால் முடிக்க முடியாத ஒன்று மீட்டர். நீராவிக் கட்டடத்தில் எரிவாயு பில் உரிமையாளர் பெயரில் வரும். ஜன்னல் ஹீட் பம்ப்பைச் செருகும் பிளக்கோ குடியிருப்பவரின் மீட்டரில் இருக்கிறது. ஒரு சட்டத்தில்கூட எழுதாமல், ஒரு வாக்குவாதம்கூட இல்லாமல், குளிர்காலச் செலவு முழுவதும் வீட்டுக்காரர் கணக்கிலிருந்து வாடகைக்காரர் கணக்குக்கு நகர்ந்துவிடுகிறது. அப்படி நகர்ந்த பிறகு, எந்த இயந்திரம் வாங்குவது என்று முடிவுசெய்பவர் யார்? பில் கட்டாதவர். அவர் நல்ல ஹீட் பம்ப்புக்குச் செலவழிப்பாரா, மலிவான பேஸ்போர்டு மாட்டுவாரா? 1.6 காசும் 4 காசும் அவர் பையிலிருந்து போகாதே.

திருப்பிப் போட்டாலும் வழக்கு தீராது. முதலைப் போட்டு நல்ல இயந்திரம் வைப்பவர் உரிமையாளர், பில் குறைந்து பலன் அடைபவர் வாடகைக்காரர் என்றால் முதல் போட யார் வருவார்கள்? நியூயார்க்கில் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் உள்ள வீடுகள் சுமார் பத்து லட்சம். அங்கே வெப்பமும் வெந்நீரும் உரிமையாளர் தந்தாக வேண்டிய சேவைகள்; மாநில வீட்டுவசதித் துறையின் ஒப்புதல் இல்லாமல் அந்தச் செலவைக் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது. பெரிய மராமத்துச் செலவுக்காக வாடகையை உயர்த்துவதையும் 2019-ன் மாநிலச் சட்டம் ஆண்டுக்கு 2 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. வாடகைக்காரரை வெளியேற்றும் தந்திரமாக மராமத்தைப் பயன்படுத்தியவர்கள் இருந்ததால் வந்த சட்டம் அது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே 2019-ல் நகரம் ‘மாற்று’ என்றது, மாநிலம் ‘செலவை ஏற்றாதே’ என்றது. நடுவில் பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது. உட்சைடு ஹவுசஸில் சோதனை இடையூறில்லாமல் நடந்ததற்கு ஒரு காரணம், அரசுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் மின்கட்டணத்தையும் ஆணையமே கட்டுகிறது என்பது. உரிமையாளரும் அவரே, பில் கட்டுபவரும் அவரே. தனியார் கட்டடத்துக்கு அந்தச் சோதனையின் பொறியியல் பொருந்தும், பொருளாதாரம் பொருந்தாது.

என் பார்வையில் நியாயமான வழி ஒன்றுதான். இந்த இயந்திரங்கள் தாம் எத்தனை யூனிட் இழுத்தன என்பதைத் தாமே அளந்து சொல்லக்கூடியவை. அந்த யூனிட்டுக்கான தொகையை மாதாமாதம் வாடகையில் கழித்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். குடியிருப்பவர் ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டினால் என்ன செய்வது என்றால், நியாயமான ஓர் உச்சவரம்பு வைத்து அதற்கு மேல் அவர் பொறுப்பு எனலாம். பில் உரிமையாளருடையதாக இருக்கும்வரை பேஸ்போர்டு பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எரிவாயு பில் நின்றுபோனதால் மிஞ்சும் பணம் இதற்குப் போதும் என்பதற்கு மேலே போட்ட கணக்கே சாட்சி.

படிக்கவும் வேலைக்குமாக நியூயார்க் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், வெப்பமும் வெந்நீரும் வாடகையில் சேர்த்தியா என்று பாருங்கள். இல்லையென்றால், சுவரோரம் இருப்பது பேஸ்போர்டா, ஹீட் பம்ப்பா என்று கேளுங்கள். வெப்பச் செலவை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றால், கடந்த இரண்டு ஆண்டுகளின் பில்களையோ அவற்றின் சுருக்கத்தையோ எழுத்துமூலம் கேட்டுப் பெறும் உரிமை நியூயார்க் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு உரிமையாளர் காசு வாங்கக் கூடாது.